காய்க்காத கத்தரித் தோட்டம்

அந்த வருடம் எங்கள் கத்தரிச்செடி என் இடுப்புக்கு மேல் வளர்ந்து நின்றது. இலைகள் கரும்பச்சையாக, உள்ளங்கையை விட அகலமாக இருந்தன. சந்தைக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, வரப்பில் ஏறி நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். செடிக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தவர்கள் மட்டும் வெறுங்கையோடு நிமிர்ந்தார்கள். காய் இல்லை. பூத்த பூவும் நான்காம் நாள் மண்ணில் கிடந்தது.

கண்ணேறு என்று என் வீட்டுக்காரர் முடிவு கட்டினார். பழைய பானை ஒன்றுக்குச் சுண்ணாம்பு பூசி, கரும்புள்ளி செம்புள்ளி வைத்து, கோலில் கவிழ்த்துத் தோட்டத்து நடுவில் நட்டார். அத்தனை செடிகளுக்கு நடுவில் காய் மாதிரி உருண்டையாக இருந்தது அந்தப் பானை ஒன்றுதான். நான் அதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது. சரவணம்பட்டிக்குக் கிழக்கே எங்களுக்கு மழையை நம்பி விதைக்கிற கொஞ்சம் மானாவாரிக் காடும், கிணற்றுப் பாசனத்தில் சின்னதாக ஒரு தோட்டமும் இருந்தன. அதற்கு முன்பெல்லாம் பருத்திதான் போடுவோம். பிறகு பருத்தி விலை படுத்துவிட்டது. விற்று வந்த காசு பருத்தி எடுத்த ஆட்களின் கூலிக்கே சரியாகப் போயிற்று. ஆனால் கோயமுத்தூரில் மில்லுக்கு மேல் மில்லாகப் புகைபோக்கி எழும்பிக்கொண்டிருந்தது. ஊர் ஊராக ஆட்கள் அங்கே குடியேறினார்கள். அவர்கள் நூல் நூற்கலாம், நெய்யலாம், குழம்புக்குக் காய் வேண்டுமே! அதனால் நாங்கள் தோட்டத்தைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் மாற்றினோம்.

விடியுமுன் வண்டி காயோடு டவுன் மார்க்கெட்டுக்குப் போகும். திரும்பும்போது அங்கே கழித்துப் போட்ட கோசு இலை, வாழைத்தண்டு, அழுகல் பழம் எல்லாவற்றையும் வாரி ஏற்றிக்கொண்டு வரும். எல்லாம் எங்கள் எருக்குழிக்கு. காயைக் கொடுத்துக் குப்பையை வாங்கி வருகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசினார்கள். பேசட்டும். ஒரு நடை வண்டிக்கு இரண்டு பக்கமும் பாரம் கிடைத்த மாதிரி எனக்கு மனசு நிறையும்.

இந்த எல்லாவற்றையும் தாங்கியது ஒரு சோடிக் காளை. இரண்டும் சாம்பல் பூத்த மயிலை நிறம். கல்யாணத்தின்போது என் பிறந்த வீட்டிலிருந்து சீராக வந்தவை. அவை பின்னுக்கு நடந்தால் தண்ணீர் அள்ளும் சால் கிணற்றுக்குள் இறங்கும், முன்னுக்கு இழுத்தால் தண்ணீரோடு மேலே வரும். எங்கள் பக்கம் இதைக் கவலை இறைப்பது என்போம். மாடு இல்லையென்றால் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லையென்றால் தோட்டம் இல்லை. பிறகு அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு மில் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

தோட்டத்துக்கு எருக்குழி போதாது. கோடையில் தாராபுரம் பக்கமிருந்து குறும்பாட்டுக்காரர்கள் கறுப்பு ஆட்டு மந்தையோடு வருவார்கள். இராத்திரிக்கு வயலில் மூங்கில் படலைச் சுற்றிலும் நட்டு, ஆடுகளை உள்ளே அடைப்பார்கள். மறுநாள் படலைப் பெயர்த்து அடுத்த துண்டில் நடுவார்கள். இதுதான் பட்டி போடுவது. நாங்கள் அவர்களுக்குக் கம்பு அளந்து கொடுப்போம். பட்டி இருக்கும்வரை பொழுது சாயும் நேரத்தில் தோட்டத்துக்காரர் வீட்டுப் பெண் களியும் குழம்பும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். அந்த வருடமும் கத்தரி போடுமுன் தோட்டம் முழுக்கப் பட்டி போட்டோம். கிளம்பும்போது ஆட்டுக்கார அம்மாள் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்:

"அம்மணி, மண்ணு வயிறு நெறைஞ்சு கெடக்குதுங்க. இனி ஒரு வருசத்துக்கு ஒண்ணும் போட வேண்டாமுங்க."

நான் அதைக் கேட்டேன். அவர் அப்போது பவானியில் தம் தங்கை வீட்டில் இருந்தார்.

சரி, கத்தரிக்கு வருகிறேன். கிழக்கோரக் கடைசி வரிசையில் மட்டும் செடி முழங்கால் உயரம்தான், ஆனால் காய்த்துக் குலுங்கியது. எங்கள் குழம்புக்கு அதுதான் காய். எனக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது.

"ஏனுங்க, கண்ணு வெச்சவங்களுக்குக் கெழக்குப் பக்கம் மட்டும் கண்ணு தெரியலீங்களா?" என்று கேட்டேன்.

"உனக்கு எல்லாமே கேலிதான் அம்மணி" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே கட்டியிருந்த மாட்டை மறுபடி கட்டப் போனார்.

புரட்டாசியில் ஒரு நாள் தூறல் பிடித்தது. சாக்கின் ஒரு மூலையை உள்ளே தள்ளி மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டால் அது கொங்காடை. மழைக்கு எங்கள் ஊர்க் குடை அதுதான். தோட்டத்திலிருந்து அவர் அப்படித்தான் வந்தார். வாசலில் நின்று காலைக் கழுவத் திரும்பினார். அவர் முதுகில் நீல மையில் பெரிய பெரிய சீமை எழுத்து!

எங்கள் வீட்டுச் சாக்கு எதிலும் எழுத்துக் கிடையாது. எனக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது, ஆனால் அடையாளம் தெரியும். டவுனில் ஒரு கடை வாசலில் வெள்ளை வெளேரென்று உப்பு மாதிரி உரம் விற்ற மூட்டைகளில் அதே எழுத்தைப் பார்த்திருக்கிறேன். வாங்கலாமா என்று அவர் கேட்டார், நான் அப்போதே வேண்டாம் என்றேன்.

"இந்தக் கொங்காடை எங்கீங்க கெடைச்சுது?" என்றேன்.

அவர் அதைத் தலையிலிருந்து எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். பிறகு அப்படியே ஈரத்தோடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பக்கத்துத் தோட்டத்து வெங்காயம் அந்த உப்புலதான் அப்படித் திரண்டுச்சு. உன்கிட்டச் சொன்னா ஒத்துக்கமாட்டே. ஒரு போகம் நல்லா வந்துட்டாக் கெணத்தை ஆழப்படுத்திப்போடலாம்னு பாத்தேன். முதல் களை எடுத்தப்ப வேருல தூவிப்போட்டேன். கடைசி வரிசைக்கு உப்புத் தீந்துபோச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "பட்டி போட்ட மண்ணுல உப்பா? விருந்துண்டு வந்தவனை மறுபடி எலைக்கு முன்னால உக்கார வெச்சிருக்கீங்க. அவன் எங்கிருந்து வேலை செய்வான்? படுத்துக்கிட்டுத்தான் இருப்பான்!" என்று கத்தினேன். அன்று முழுக்க வாய் ஓயவில்லை. மறுநாள் அந்தப் பானையை நானே பிடுங்கி எறிந்தேன். பாவம், பானை என்ன செய்யும்.

கத்தரி போனதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஐப்பசி மழை பொய்த்துவிட்டது. மேகம் மேற்கே மலையோடு நின்றுகொண்டது. உப்புக்கும் சேர்த்துத் தண்ணீர் குடித்த அந்தச் செடிகள் கிணற்றை ஏற்கெனவே பாதி காலி செய்திருந்தன. மானாவாரிக் காட்டில் விதைத்த சோளம் முளைத்து ஒரு சாண் உயரத்தில் கருகியது. மாட்டுக்குப் போடுகிற சோளத்தட்டுப் போர் நாளுக்கு நாள் கரைந்தது. ஊரில் மாடுகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்குப் போயின.

எங்கள் காளைகளுக்கும் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. ஆலந்தழை ஒடித்துப் போட்டோம். அறுகம்புல்லை வேரோடு தோண்டிக் கழுவிப் போட்டோம்.

ஒரு நாள் காலையில் கத்தரிச்செடிகளைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றோம். கோபம் தீர்ந்து, மூளை வேலை செய்யத் தொடங்கியிருந்தது.

"இதைப் புடுங்கிப்போட்டு நெருக்கமாச் சோளம் விதைக்கலாமுங்க. மண்ணுல கெடக்கிற சத்தைக் கத்தரி திங்கமாட்டேங்குது. சோளம் திங்குமுங்க" என்றேன்.

அவர் அன்றைக்கே பிடுங்க ஆரம்பித்தார். கிணற்றில் ஊறுகிற தண்ணீரைக் காளைகள் காலையில் கொஞ்சம் இழுக்கும், அதற்குள் அவற்றுக்கு மூச்சு வாங்கும். அந்தக் கொஞ்சத் தண்ணீருக்கே சோளம் எழுந்து வந்தது. சுற்றிலும் காடு வெந்து கிடக்க, எங்கள் தோட்டம் மட்டும் கறுப்பென்று சொல்கிற அளவுக்குப் பச்சையாக நின்றது. ஆட்டுப் புழுக்கை போட்ட மண் ஈரத்தை விடாமல் பிடித்து வைத்திருந்தது. விரலால் கிளறினால் மண்புழு நெளியும்.

ஆனால் அதை அறுத்துப் போட முடியாது. மழை இல்லாத காலத்து இளஞ்சோளம் மாட்டுக்கு நஞ்சு, தின்ற மாடு பொழுது சாயுமுன் விழுந்துவிடும் என்பது எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும். பயிர் தலை நீட்டிக் கதிர் வாங்க வேண்டும், பிறகு அறுத்துக் காய வைக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் தை பிறக்காமல் ஆகாது. பசித்த மாடுகள் கட்டுத்தறியில் நின்று அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மார்கழித் தொடக்கத்தில் ஒரு நடுப்பகலில் பெரிய மயிலை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நான் பார்த்துக் கத்துவதற்குள் அது வரப்பில் நின்று வாய் நிறையச் சோளத்தைக் கடித்துவிட்டது. அவர் எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை. ஒரு கையால் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, மறு கையை முழங்கை வரை அதன் வாய்க்குள் விட்டுப் பச்சையை இழுத்து வெளியே போட்டார். கையை எடுத்தபோது சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கடைவாய்ப் பல்லில் நசுங்கி இரத்தம் ஒழுகியது. அவர் விரலைப் பார்க்கவே இல்லை. மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் வயிற்றையும் மூச்சையும் பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது சாய்ந்த பிறகு அது அசை போட ஆரம்பித்தது. அப்போதுதான் அவருக்கு விரல் வலித்தது.

அதோடு அவருக்கு மனசு விட்டுப்போயிற்று.

"இது நம்ம கண்ணு முன்னால சாகறதுக்கு, இன்னொருத்தன் ஊட்டுல உசுரோட இருந்துட்டுப் போகட்டும்" என்றார். தரகருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

"பட்டிப் பொங்கல் கழியட்டுமுங்க. அதுக்குள்ள சோளம் ஆயிருமுங்க" என்றேன். மாட்டை வணங்குகிற நாளில் வெறும் கட்டுத்தறியை எப்படிப் பார்ப்பேன் என்று எனக்கு அழுகையாக வந்தது.

தரகர் வந்தார். மாடுகளைச் சுற்றி வந்தார், பல்லைப் பார்த்தார், முதுகைத் தடவினார். மாட்டு வியாபாரத்தில் விலையை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கையைக் கோத்து மேலே துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து அழுத்தித்தான் பேசுவார்கள். கேட்டவருக்கும் கொடுத்தவருக்கும் மட்டும் தெரியும். தரகர் துண்டை உதறிப் போட்டார். என் வீட்டுக்காரர் கையை உள்ளே நீட்டினார். மாட்டுக்கொட்டகை வாசலில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று அவர் முகம் சுருங்கியது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

விலை போதவில்லை என்று தரகர் நினைத்துக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்க, இன்னுங்கொஞ்சம் பாத்துச் சொல்றனுங்க, கையக் குடுங்க" என்று துண்டைப் பிடித்தபடி நின்றார்.

"இல்லீங்க. வேண்டாமுங்க" என்றார் அவர்.

தரகர் எவ்வளவோ பேசிப் பார்த்துவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். அவர் வேலி தாண்டியதும் என் வீட்டுக்காரரிடம் ஓடினேன்.

"என்னாச்சுங்க?" என்றேன்.

"அந்த மனுசன் நசுங்குன வெரலையே புடிச்சு அழுத்திப்போட்டான். உசுரு போயிருச்சு. வலியிலதான் கைய எடுத்தேன், அம்மணி" என்றார். விரலை ஊதிவிட்டுக்கொண்டே மாடுகளைப் பார்த்தார். "எடுத்த கைய மறுபடி வெக்கப் புடிக்கல."

சோளம் எங்களை ஏமாற்றவில்லை. தை பிறக்குமுன் கதிர் வாங்கி, தட்டு வெளுக்கத் தொடங்கியது. அறுத்து, வரப்பெல்லாம் பரப்பிக் காய வைத்தோம். பட்டிப் பொங்கலன்று காளைகளைக் குளிப்பாட்டி, கொம்புக்குக் காவி பூசி, பொங்கல் ஊட்டிவிட்டு, முதல் கட்டுத் தட்டை அவிழ்த்துப் போட்டோம். அவை தின்கிற சத்தம் வாசல்வரை கேட்டது. அவர் மண்ணில் விழுந்து கும்பிட்டார். நானும் விழுந்தேன். எழுந்திருக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. மாட்டுக்குத்தான் கும்பிட்டேனா, மண்ணுக்கா, அந்தக் கறுப்பு ஆடுகளுக்கா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது. அந்த வெள்ளை உப்பையும் நான் திட்டுவதை விட்டுவிட்டேன். அதுவும் அந்தத் தட்டில்தானே இருந்தது. ஆனால் மறுபடி அது எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. அது வந்த சாக்கு மட்டும் பனிக்காலம் முழுக்கப் பெரிய மயிலையின் முதுகில் கிடந்தது.

அடுத்த கோடையில் ஆட்டுக்காரர்கள் வந்து பட்டி போட்டார்கள். பொழுது சாய நான் களிச்சட்டியைத் தூக்கப் போனேன். அவர் முந்திக்கொண்டு எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். ஆம்பிளை களிச்சட்டி சுமக்கிறதாவது என்று எதிரே வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. குழம்புப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நான் பின்னால் போனேன்.

சட்டியை வாங்கும்போது ஆட்டுக்கார அம்மாள் கோணிப்போயிருந்த அந்த இரண்டு விரல்களையும் பார்த்துவிட்டாள்.

"கையில என்னாச்சுங்க?" என்று கேட்டாள்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவளிடம் சொன்னார்:

"விக்கலாம்னு பாத்தனுங்க. மாடே கையப் புடிச்சுப்போட்டுதுங்க."