தலையில் பாசி கட்டியவன்

இராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பழைய ரோமக் காசுகளைச் சேர்ப்பதும், எந்த அரசன் காலத்தவை என்று கண்டுபிடிப்பதும் என் பைத்தியம். வீட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள். காசை ஸ்கேனரில் கவிழ்த்து, ஏ3 தாளில் பெரிதாக அச்செடுத்துப் பார்ப்பேன். அதுதான் எனக்குத் தெரிந்த வித்தை.

ஒருநாள் ஒரு காசைக் கொண்டுவந்து கொடுத்தவர் என் மதினி, கணவரின் அக்கா. மாரியூர்க் கடலில் பாசி எடுக்கிறவர். கரையில் காயப்போட்ட பாசியை உதறும்போது விழுந்ததாம். பச்சைக் களிம்பேறிச் சட்டைப் பொத்தான் அளவுக்கு இருந்தது.

ஊரில் காசு சேர்ப்பவர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி வைப்பதாக இருந்தார்கள். பொறுப்பாளர் ஓய்வுபெற்ற வாத்தியார். அவரிடம் கொண்டுபோய் இது ரோமக் காசு என்றேன். கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"வி தெரியுது, சி தெரியுது. டச்சுக்காசும்மா. புளி போட்டு நல்லாத் தேச்சுக் கொண்டாங்க, நடுவுல ஓ வரும்."

டச்சுக் கம்பெனி முத்திரையில் அந்த மூன்று எழுத்தும் பின்னிக் கிடக்கும். இந்தக் கரையில் பச்சையாக எது கிடைத்தாலும் அவருக்கு டச்சுக்காசுதான்.

"தலை ஒண்ணு தெரியுதே சார். டச்சுக்காசுல தலை ஏது?"

"அது களிம்புக் கட்டி. ஜெராக்ஸ் கடையில ஒக்காந்துக்கிட்டு ரோமாபுரி ராசாவப் பாக்க முடியுமா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அவர் அதற்குள் 'டச்சுக்காசு' என்று சீட்டு எழுதிவிட்டார். அந்தச் சீட்டுக்குக் கீழே என் காசு உட்காராது என்று சொல்லி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மதினி புளியை ஊறப்போட்டார். "குத்துவிளக்கையே பளபளன்னு ஆக்குறோம், இதுக்கென்ன?" பிடுங்கிக்கொண்டேன். தேய்ந்த காசில் முகம் மிச்சமிருப்பதே அந்தக் களிம்பில்தான். புளி பட்டால் களிம்போடு முகமும் போய்விடும்.

மறுநாள் மதினியைக் கடைக்கே கூட்டிப்போனேன். காசைச் சாய்த்தும் திருப்பியும் வைத்து எட்டுத் தாள் எடுத்தேன். எட்டாவது தாளில் மதினி விரல் வைத்தார்.

"ஏ புள்ள, இங்கன பாரு. தலையில பாசி கட்டியிருக்கான்."

"அது களிம்பு மதினி."

"அந்தப் பாசி இல்ல. கழுத்துல கட்டுற பாசிமணி."

பார்த்தேன். நெற்றியிலிருந்து பின்தலை வரைக்கும் புள்ளி புள்ளியாக ஒரு வரிசை. பிற்கால ரோமப் பேரரசர்கள் தலையில் கட்டிய முத்துப் பட்டை. களிம்பு என்று நானே தாண்டிப் போயிருந்தேன்; வெட்கமாக இருந்தது. பிறகு எழுத்துகளைப் பார்த்தேன். சி முதலில், வி பின்னால், நடுவில் மூன்று எழுத்துகளின் தடம். டச்சு முத்திரை அப்படி ஓடாது. அது ஒரு பேரரசனின் பெயரில் பாதி.

கண்காட்சியன்று மண்டபத்து வாசலுக்கு வெளியே ஸ்டூல் போட்டேன். காசை டப்பியில் வைத்து, அந்த எட்டாவது தாளைச் சுவரில் ஒட்டினேன். மதினி பக்கத்தில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் பாசியைக் காட்டினார். உள்ளே போக வந்தவர்கள் எங்களிடம் நின்றார்கள். மத்தியானம் வாத்தியாரே வெளியே வந்தார். தாளைப் பார்த்தார், காசைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"புளி போட்டுட்டீங்களா?"

"போடல சார். போட்டிருந்தா இவன் செத்திருப்பான்."

டப்பியை மூடி என் கையில் கொடுத்தார். "உள்ள கொண்டாங்க. ரோமக் காசுன்னு சீட்டு எழுதித் தாரேன்."

"நானே எழுதிட்டேன் சார்" என்று நீட்டினேன்.

'ரோமக் காசு. எடுத்தவரும் தலையின் முத்துப் பட்டையைக் கண்டவரும்: மாரியூரில் பாசி எடுக்கும் பெண்.'

இரண்டாவது வரி தேவையா என்று கேட்டார். அது இல்லாமல் காசு உள்ளே வராது என்றேன். இரண்டு வரியோடும்தான் உள்ளே போனது.