வெட்டப்பட்ட சிரிப்பு

தாம்பரத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த கங்கையம்மாளுக்கு டானி கார்வெல் என்றால் உயிர். அந்த ராக் அண்ட் ரோல் பாடகரின் சினிமாப் பாட்டுகள் அடங்கிய இசைத்தட்டு ஒன்று அவளிடம் இருந்தது. 1982இல் அதை ரசிகர் மன்றச் செயலாளர் சம்பந்தம் இரவல் வாங்கிப் போனார். பிறகு, பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று கையை விரித்தார். அவள் நம்பவில்லை. பத்து வருஷம் மன்றக் கூட்டங்களில் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து காத்திருந்தாள்.

1992இல் அதே பாட்டுகள் கேசட்டாக மறுபடி வெளிவந்தன. பீர்க்கன்கரணையில் மன்றம் கூடியது. ஆளாளுக்கு அபிப்பிராயம் சொன்னார்கள்.

"சவுண்டு சூப்பர். பழசுல இருந்தது அப்படியே கீது," என்றார் சம்பந்தம்.

கங்கையம்மாள் எழுந்தாள். "இல்ல சார். மூணாவது பாட்டு முடியறப்ப அவர் சிரிப்பார். அதை வெட்டிட்டாங்க. நீங்க ஒரிஜினலைக் கேட்டதே இல்ல போலிருக்கு."

கூட்டம் சிரித்தது. சம்பந்தத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னாண்டயே ஒரிஜினல் கீதும்மா! இப்பவே எடுத்தாறேன்." சைக்கிளில் போய்க் கொண்டுவந்தார்.

அவள் உறையைப் பிரித்து உள்பக்கத்தை எல்லோருக்கும் காட்டினாள். அங்கே அவள் பெயர் பேனாவில் எழுதியிருந்தது.

"மன்னிச்சிடும்மா," என்றார் அவர், தலை குனிந்தபடி.

"மாட்டேன்."

அடுத்த மாதம் அவளே செயலாளர் ஆனாள். முதல் வேலையாகச் சம்பந்தத்தின் பெயரை உறுப்பினர் பட்டியலிலிருந்து அடித்தாள். அன்று மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.