கத்தி தீட்டிய ஆறு மாதம்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் வீட்டுக்கு காஸ் அடுப்பு வந்தது. அடுப்புக்காகக் கடப்பைக்கல் மேடை கட்டினோம். மேடை வந்த பிறகு அருவாமணை மூலைக்குப் போய்விட்டது. நின்றுகொண்டே நறுக்க ஒரு கத்தி வாங்கினோம். வாங்கிய சில வாரங்களிலேயே என் மனைவியின் இடது கையில் வெட்டு விழ ஆரம்பித்தது. ஒரு விரலில் கட்டு அவிழ்வதற்குள் அடுத்த விரலில் கட்டு ஏறிவிடும். கேட்டால், "கத்தி மொண்ணையா இருக்குதுங்க, வழுக்கிக்கினு போவுது" என்பாள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. நான் மில்லில் பிட்டர். இயந்திரங்களை மயிரிழை பிசகாமல் பூட்டுகிறவன் வீட்டில் கத்தி மொண்ணை என்றால், கூட வேலை செய்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா? அவள் கைக்காகத்தான் அத்தனை பாடுபட்டேன் என்று இப்போது எழுதினால் அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி ரோஷம்.

முதலில் சாணைக்காரரிடம் கொடுத்தேன். முதலியார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு அவர் வாரம் ஒரு முறை, காலால் மிதிக்கிற சாணைச் சக்கரத்தைத் தோளில் சுமந்துகொண்டு வருவார். தண்ணீரே விடாமல் தீப்பொறி பறக்கப் பிடித்தார். பிள்ளைகளுக்கு வேடிக்கை, எனக்கு வயிறு எரிந்தது. கத்தியின் வெட்டுவாய் நீலம் பாய்ந்துவிட்டது. இரும்பு அப்படிச் சூடேறினால் அதன் பதம் போய்விடும், பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. அவரிடம் சொன்னேன். "அப்ப நீயே புடிச்சிக்கோ நைனா" என்று சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். புதுக் கத்தி வாங்கினேன். இனி இதை நானே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

அரம் போட்டுப் பார்த்தேன். அரம் போட்ட கத்தி தக்காளியை நன்றாக அறுக்கும். வெங்காயத்தில் வைத்தால் பிய்த்துவிடும். வாயைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தால் ரம்பம் போலப் பல் பல்லாக இருந்தது. பிறகு நேரு வீதி இரும்புக் கடையில் ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் வழவழப்புமாக இருக்கிற கார்போரண்டம் கல் வாங்கினேன். மில்லில் செய்கிற பழக்கத்தில் கல்லில் மிஷின் எண்ணெய் விட்டுத் தீட்டினேன். அன்றைக்குக் கத்தரிக்காய்ப் பொரியலை வாயில் வைத்த என் இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் துப்பினார்கள். அதன் பிறகு தண்ணீர்தான். கல்லை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, கத்தியை லேசாகச் சாய்த்து, இரண்டு பக்கமும் சமமாக இழுக்க வேண்டும். சாய்மானம் நடுவில் மாறக் கூடாது. விளிம்பில் மெல்லிய பிசிறு எழும்பும். அதைத் தோல் பெல்ட்டில் நாலு இழுப்பு இழுத்தால் உதிர்ந்துவிடும். வீட்டுக் கத்திக்கு இதை மிஞ்சிய வழி கிடையாது என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

எதிர் வீட்டில் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்குகிற ஒருவர் இருந்தார். தெருவே அவரை பிரெஞ்சு மரியாதையில் முசே என்றுதான் கூப்பிடும். என் கல்லைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னா இது, தெனமும் கத்தியத் தேச்சித் தேச்சித் தின்னுட்டு இருக்க? வாய் மடிஞ்சிதான் போயிருக்கும். அத்த நிமித்துனா போதும்" என்று, பிரான்சிலிருந்து கொண்டுவந்த நீளமான எஃகுக் கோல் ஒன்றைக் கொடுத்தார். அதில் கத்தியை மாற்றி மாற்றி நாலு தடவை வழித்தால் உண்மையாகவே கூர் திரும்பியது. அவரிடம் அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

இத்தனைக்குப் பிறகும் அவள் கையில் வெட்டு நிற்கவில்லை. முன்பு நகத்தோடு போன வெட்டு இப்போது ஆழமாக விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அதே பதில்: கத்தி மொண்ணை. ஒருநாள் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "கத்தி மேல பழி போடாத. புடிக்கத் தெரியாதவ கையில குடுத்தா எந்தக் கத்தியும் இப்படித்தான்" என்று பிள்ளைகள் எதிரிலேயே கத்தினேன். அவள் துணி கிழித்துக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தீட்டினேன். கல், பெல்ட், கோல், ஒன்றையும் விடவில்லை. செய்தித்தாளைத் தொங்கவிட்டு இழுத்துப் பார்த்தேன், சத்தமே இல்லாமல் இரண்டாகப் பிரிந்தது. எங்கள் வீட்டில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்கிற வழக்கம் இல்லை. மேடை மேல் வைத்துவிட்டு, "இப்ப பாரு" என்றேன்.

அவள் வலது கையால் எடுத்து, எல்லாரும் கூர் பார்ப்பதுபோல இடது கைப் பெருவிரலை விளிம்பின் குறுக்கே வைத்துத் தடவினாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இன்னொரு தடவை தடவினாள்.

"இன்னும் மொண்ணையாத்தாங்க இருக்குது" என்றாள்.

பெருவிரலிலிருந்து ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்துகொண்டிருந்தது. கடப்பைக்கல்லில் சொட்டியது. அவள் விரலைப் பார்க்கவில்லை, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிடித்து உட்காரவைத்து விரலை அழுத்திக் கட்டினேன். "வலிக்கலியா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தபடியே சொன்னாள். எட்டு மாதமாகவே அந்தக் கையில் உணர்ச்சி இல்லை. சோற்றுப் பானையைத் துணி இல்லாமல் இறக்கியிருக்கிறாள், சுட்டதே தெரியவில்லை. முழங்கைக்குக் கீழே வெளுத்திருந்த இடத்தைத் தேமல் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அது என்னவென்று அவளுக்கு அப்போதே சந்தேகம். அவளுடைய அத்தை ஒருத்திக்கு இப்படித்தான் ஆரம்பித்ததாம். பெருநோய் என்று ஊருக்கு வெளியே குடிசை போட்டு வைத்துவிட்டார்களாம். சோற்றை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார்களாம்.

"பொண்ணுங்க ரெண்டு பேரு இருக்குதுங்க. வெளிய தெரிஞ்சா அதுங்கள யாரு கட்டிப்பா? கத்தி சரியில்லன்னு சொல்லிக்கினே இருந்தா கொஞ்ச நாளு ஓடும்னு பாத்தேன்" என்றாள்.

நான் அழுதேன். மறுநாள் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். தோல் பிரிவில் இருந்த டாக்டரம்மா அவளைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு, "தொட்டா சொல்லுங்க" என்றார். வலது கையில் தொட்டபோதெல்லாம் சொன்னாள். இடது கையில் பெருவிரல், அடுத்த விரல், நடுவிரல் என்று தொட்டுக்கொண்டே போனார். அவள் கண்ணை மூடிக் காத்துக்கொண்டே இருந்தாள். அந்த நேரத்தில் நான் பார்த்ததை யாரும் தங்கள் மனைவியிடம் பார்க்க வேண்டாம்.

பெருநோய்தான், ஆனால் மாத்திரை உண்டு, சாப்பிட ஆரம்பித்தால் யாருக்கும் ஒட்டாது, குணமாகும் என்றார் டாக்டரம்மா. விரலில் உணர்ச்சி திரும்புமா என்பதற்கு மட்டும் உறுதி சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், "எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "நீங்க கத்தியப் பத்தித்தானே கேட்டீங்க" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை, நடந்ததைச் சொன்னாள். நியாயம்தான். ஆறு மாதமாகக் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த நான் அந்தக் கையை ஒரு தடவை கூட வாங்கிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து காய் நறுக்குவது என் வேலை என்றாகிவிட்டது. மில் சங்கு ஊதுவதற்கு முன்னால் எழுந்து நறுக்கி வைத்துவிட்டுப் போவேன். பெரிய பெரிய துண்டாக நறுக்குகிறேன் என்று அவளுக்குக் குறை. சாம்பாரில் கேரட்டைத் தேடவே வேண்டாம், அதுவே வந்து மோதுகிறது என்பாள். கத்தியை எட்டாத உயரத்தில் பரண்மேல் வைத்தேன். மாத்திரையை ஒருநாள் விடாமல் விழுங்கினாள். அக்கம்பக்கத்தில் சர்க்கரை என்று சொல்லிச் சமாளித்தோம். ஒரு வருஷம் ஓடியது. தேமல் மங்கியது. வாரம் ஒரு தடவை கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டுப் பார்ப்பேன். சில நாள் தெரிகிறது என்று எனக்காகப் பொய் சொல்வாள். தொடாமலே இருந்து சோதித்ததால் எனக்கு அது தெரியும்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்தேன். அடுக்களையில் முக்காலி போட்டுக் கத்தியை இறக்கியிருந்தாள். மேடையில் பச்சை மிளகாய் குவியலாக, பொடிப்பொடியாக நறுக்கிக் கிடந்தது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. "யாரு உன்ன அத்தத் தொடச் சொன்னது? எத்தினி தடவ சொல்றது?" என்று சத்தம் போட்டேன்.

அவள் காதிலேயே வாங்கவில்லை. இடது கையை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து உதறிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"எரியுதுங்க" என்றாள். "இந்த வெரலு. அய்யோ, பயங்கரமா எரியுதுங்க."

தண்ணீர் எடுத்துக் கொடுக்கப் போனேன். கழுவ மாட்டேன் என்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.