எட்டாவது ஆள்

பெரிய அண்டாவில் சூப்பைக் கிண்டிக்கொண்டு நிற்கும்போது சச்சிதானந்தனின் மேற்பாதி சமையற்காரர். கீழ்ப்பாதி வேறொரு ஆள். குதிக்கால்கள் நிலத்தைத் தொடுவதில்லை. ஒரு பாதம் முன்னே போகும், மற்றது அதன் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும், மறுபடி முன்னே. சுவிஸின் ஊஸ்டர் நகர முதியோர் இல்லத்தின் சமையலறையில் இதை இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. புதிதாக வந்த தாதி கோபிஷா மட்டும் ஒருநாள், "அங்கிள், கால் விறைச்சுப்போச்சோ?" என்று கேட்டாள். "இல்லைப் பிள்ளை, ஸ்கொட்லாந்துக்குப் போட்டு வாறன்," என்றார் அவர்.

அவர் ஸ்கொட்லாந்தைக் கண்ணால் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தை விட்டால் கொழும்பு, கொழும்பை விட்டால் சுவிஸ். ஆனாலும் ஊரிலுள்ள ஸ்கொட்லாந்து மரபுச் சங்கத்தில் அவர் பழைய உறுப்பினர். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. சங்கத்தில் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர் என்று பார்த்தால் ஓய்வுபெற்ற மருத்துவிச்சி மொய்ரா ஒருவர்தான். மற்றவர்கள் அசல் சுவிஸ்காரர்: தபால்காரர் ஹன்ஸ்யோர்க், ஒரு பூக்கடைக்காரி, மாடு வளர்க்கும் ஒரு தம்பதி, இப்படிச் சிலர். கோடையில் மலைநடை, கார்த்திகைக் கடைசியில் விருந்து, வியாழக்கிழமை மாலைகளில் நடனம். அந்த நடனத்துக்கு நாலு சோடி வேண்டும். எட்டுப் பேரில் ஒருவர் குறைந்தாலும் வட்டம் கோணலாகிவிடும்.

அவர் சங்கத்தில் சேர்ந்தது சப்பாத்தினால். மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு மண்டபம் விசாரிக்கப் போனவர், வாசலில் சப்பாத்துகள் வரிசையாகக் கழற்றி வைத்திருப்பதைக் கண்டார். உள்ளே ஏதோ சாமி இருக்கிறது என்று நினைத்து, தானும் கழற்றிவிட்டுக் காலுறையோடு நுழைந்தார். உள்ளே இருந்த சங்கத்தவர்களோ ஆடுவதற்கான மெல்லிய தோற்செருப்பை மாட்டிக்கொள்வதற்காகக் கழற்றியவர்கள். அன்று வந்திருந்தது ஏழு பேர். காலுறையோடு நின்றவரைக் கண்டதும் ஆட வந்த ஆள்தான் என்று முடிவுகட்டி, மொய்ரா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

"எனக்கு அப்ப டொச், அதுதான் ஜெர்மன் பாசை, அரைகுறை. வேண்டாம் எண்டு சொல்லத் தெரியேல்லை. ஆடத் தொடங்கின பிறகு சொல்ல மனமும் வரேல்லை," என்பார். மண்டபத்தைப் பற்றிக் கேட்க மறந்தே போனார். அதைக் கேட்பதற்கென்று அடுத்த வியாழன் போனவர், மறுபடியும் ஆடிவிட்டு வந்தார்.

ஆட்டத்தின் ஆங்கிலப் பெயர்கள் அவர் வாயில் நிற்பதில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் தானே பெயர் வைத்துக்கொண்டார். மூன்று பேர் ஒருவரை ஒருவர் சுற்றிப் பின்னிப் போவது அவருக்குத் 'தலைப்பின்னல்'. எட்டுப் பேரும் கைகோத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வந்த வழியே திரும்பச் சுற்றுவதுதான் நெடுங்காலம் உறுத்திக்கொண்டிருந்தது. "சாமியைச் சுத்தினமாதிரி வடிவாச் சுத்திப்போட்டு, பிறகேன் மற்றப்பக்கம் சுத்தி அதை அவிழ்க்கிறியள்? புண்ணியம் போயிடுமெல்லோ?" என்று ஒருநாள் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டேவிட்டார். மொய்ரா இதை இன்றைக்கும் ஆட்களிடம் சொல்லிச் சிரிக்கிறார்.

விருந்து நாளில் ஆட்டின் ஈரலையும் இருதயத்தையும் ஓட்ஸோடு சேர்த்து இரைப்பைக்குள் அடைத்து அவித்து வைப்பார்கள். பூக்கடைக்காரி கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள். இவர் இரண்டாம் தரமும் வாங்குவார். "சாமான் திறம். மிளகுதான் காணாது." அன்றைக்குக் கட்டம்போட்ட கில்ட் பாவாடையும் கட்டிக்கொள்வார். மனைவி கஜலக்சுமிக்கு ஆற்றாமை அதில்தான். "கோயிலுக்கு வேட்டி கட்டச் சொன்னால் குளிருதாம். இதுக்கு மட்டும் முழங்கால் தெரியப் பனிக்குள்ள போவார்."

போன மாசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிவிட்டது. இடக்கை தேறவில்லை, விரல்கள் மெல்லத்தான் விரியும், மெல்லத்தான் மூடும். நாலு பேர் முன்னால் அதை மேற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளப் பழகினார். மருத்துவமனையில் இருந்த காலம் முழுக்க வியாழன் தவறாமல் சங்கத்திலிருந்து யாராவது வந்தார்கள். ஹன்ஸ்யோர்க் வாய் திறந்து பேசுவதே அபூர்வம். வருவார், கட்டிலருகே உட்கார்ந்து அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுப் போவார். "கூடப்பிறந்ததுகளும் இப்பிடிச் செய்யாது. நான் குடுத்துவச்சவன்," என்பார் சச்சிதானந்தன்.

அந்த நன்றியே அவரை வதைத்தது. இந்த ஆட்டம் கைகளால் நடப்பது: கொடுக்க வேண்டும், பிடிக்க வேண்டும், நேரத்துக்கு விட வேண்டும். ஒரு கை பிந்தினால் எட்டுப் பேரும் பிந்துவார்கள். கார்த்திகை விருந்துக்கு ஒத்திகை தொடங்கியபோது, இத்தனை செய்தவர்களுக்குத் தான் பாரமாகக்கூடாது என்று முடிவெடுத்தார். விலகுவதாகச் சொல்லிவிட்டு வர, கில்ட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

கஜலக்சுமி வாசல்வரை வந்தார். "யோசிச்சுத்தான் செய்யிறியளோ?"

"என்னால அவையின்ர ஆட்டம் கெடக்கூடாது."

"கெடுகுதெண்டு அவை சொன்னவையோ?"

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

மண்டபத்தில் ஆட்டம் தொடங்கியிருந்தது. கதவுக் கண்ணாடி வழியே பார்த்தார். ஏழு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். முதல் சோடியின் ஆணாக, மொய்ராவுக்கு எதிரே அவர் நிற்கும் இடம் காலியாக இருந்தது. ஆள் குறைந்தால் இல்லாதவருக்கும் கை நீட்டி ஆடுவது இந்த நடனத்தில் வழக்கம்தான். ஆனால் ஆள் இருக்கும்போது யாரும் அப்படி ஆடுவதில்லை. அன்று ஆள் இருந்தது. வசந்தத்தில் சேர்ந்த ஒருவர், நன்றாக ஆடக்கூடியவர், சுவரோர வாங்குப் பலகையில் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார். மொய்ரா வெறும் காற்றுக்குக் கை கொடுத்து, எதிரே ஒரு மனிதன் சுற்றிவர எடுக்கும் நேரம் பொறுத்திருந்து, அதன் பிறகே அடுத்த அடி வைத்தார்.

சச்சிதானந்தன் கதவைத் திறந்தார். "நான் ஒரு விசயம் சொல்ல வந்தேன்," என்றார் ஜெர்மனில்.

"பிறகு சொல்லுங்கள். இப்போது வட்டம்," என்றார் மொய்ரா.

பையை வாங்கில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். வலப்பக்கம் நின்ற ஹன்ஸ்யோர்க்குக்கு வலக்கையைக் கொடுத்தார். இடப்பக்கம் மொய்ரா உள்ளங்கையை மேல்நோக்கி விரித்துப் பிடித்தபடி நின்றார். இசை ஓடிக்கொண்டே இருந்தது. ஒருவரும் அடியெடுத்து வைக்கவில்லை. சச்சிதானந்தன் இடக்கையைச் சட்டைப்பையிலிருந்து வெளியே எடுத்து, அந்த உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினார்.