பஞ்சவர்ணப் பயில்வான் விழுந்த விதம்

வேப்பெண்ணெயும் கற்பூரமும் கலந்த ஒரு நெடி முதலில் தெருமுனையில் வரும். ஆள் அதற்குப் பிறகுதான் வருவார். விழுப்புரம் ரயிலடிக்குப் பின்புறத் தெருவில், வீட்டின் முன்னறையைத் தையல் கடையாக வைத்திருந்த என் அப்பா, அந்த நெடி மூக்கில் ஏறியதும் மெஷினை நிறுத்திவிட்டு, கடையில் இருந்த ஒரே நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்துவிடுவார். அவர் உட்கார்ந்து முன்பு ஒரு நாற்காலி உடைந்துபோயிருந்தது. அளவெடுக்கும்போது அப்பாவின் கைகள் அந்த மார்பைச் சுற்றி எட்டாது. டேப்பின் ஒரு நுனியைப் பயில்வானையே பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மறுநுனியோடு அப்பா கோயில் பிராகாரம் வருவதுபோல் அவரைச் சுற்றி வருவார். எட்டு வயதுப் பெண்ணான நான் அதைப் பார்ப்பதற்காகவே பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போவேன்.

பொன்னுசாமி என்பது அவர் பெயர். செஞ்சிப் பக்கம் வல்லத்தில் நிலக்கடலை, அந்தப் பக்கத்துப் பேச்சில் "மல்லாட்டை", போடும் குடும்பம். கடலைமூட்டை இறக்க விழுப்புரம் வந்தவரை யாரோ குஸ்திக்கு இழுத்துப்போக, பிறகு மூட்டையை விட்டு ஆளைத் தூக்கத் தொடங்கினார். முதல் பந்தயத்துக்குச் சிவப்பு சாட்டினில் ஒரு நீள அங்கி வேண்டும் என்று அப்பாவிடம் வந்தார். அவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு சிவப்பு ஊரில் கிடைக்கவில்லை. அப்பா இருந்த துண்டுகளையெல்லாம் சேர்த்து, சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், வெள்ளை என்று பட்டைபட்டையாகத் தைத்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு, ஜட்கா வண்டியில் நின்றபடி, முன்னால் பேண்டு முழங்க, கூட்டத்தின் மேல் வறுத்த மல்லாட்டையை இரண்டு கைகளாலும் வாரி இறைத்துக்கொண்டு அவர் மைதானத்துக்குள் நுழைந்த அந்தச் சாயங்காலத்தோடு பொன்னுசாமி என்ற பெயர் மறைந்து, "பஞ்சவர்ணப் பயில்வான்" என்ற பெயர் நிலைத்தது. நான் பார்த்த வரையில் அவர் தோற்றதே கிடையாது.

உலக யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, சென்னையிலிருந்து வந்த ஒரு படக் கம்பெனிக்காரர் மைதானத்தில் அவரைப் பார்த்துவிட்டு, கொடிய மந்திரியின் மெய்க்காப்பாளனாக நடிக்க அழைத்துப்போனார். நான்கைந்து மாதம் ஆள் வரவில்லை. அவர் மனைவி அலமேலு, எங்கள் தெருவிலேயே ஐந்து வீடு தள்ளி இருந்தவர், "எங்க வீட்டுக்காரரு சினிமாவுல கீறாரு" என்று தண்ணீர்க் குழாயடியில் தினமும் சொல்லி, தினமும் நம்பப்பட்டார். படம் விழுப்புரத்துக்கு வருவதற்குள் திண்டிவனத்துக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்கு எங்கள் தெருவே பாசஞ்சர் வண்டியில் ஏறியது. நடுவில் பஞ்சவர்ண அங்கியில் பயில்வான்; அவர் கழுத்தில் திண்டிவனத்துக்காரர்கள் ஸ்டேஷனிலேயே போட்ட சாமந்தி மாலை.

தகரக் கொட்டகையின் பெண்கள் பக்கத்தில், அம்மாவுக்கும் அலமேலு அக்காவுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். திரையில் அவர் வந்ததும் எழுந்த சத்தத்தில் தகரம் அதிர்ந்தது. ஆனால் கதாநாயகன் வந்தான். பாடத் தெரிந்த, மெலிந்த, கண்ணில் மை தீட்டிய கதாநாயகன். அவன் பயில்வானின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினான். அவ்வளவுதான்; எங்கள் பஞ்சவர்ணப் பயில்வான் அந்தரத்தில் ஒரு கரணம் அடித்து மல்லாக்க விழுந்தார். எழுந்தார், மறுபடி ஒரு சுண்டு, மறுபடி கரணம். மூன்றாவது முறை எழுந்திருக்கவே இல்லை.

கொட்டகை முழுவதும் பயில்வான் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பியது. பிறகு சிரித்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து மல்லாட்டைத் தோல் பயில்வானின் தலைமேல் பறந்தது. அலமேலு அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

திரும்பும் வண்டியில் வெற்றிலைக் கடை சபாபதி வாயை மூடவில்லை. "இன்னா பயில்வானே, பாட்டுக்காரன் தொட்டதுக்கே பல்டி அடிக்கிறியே! நம்ம ஊர்ல இத்தினி நாளா ஜெயிச்சதெல்லாம் நெசந்தானா?" பயில்வான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கம்பெனியிலிருந்து அடுத்த படத்துக்குக் கடிதம் வந்திருந்தது. அதிலும் விழவேண்டிய வேஷந்தான். "நீ மறுபடி அங்க போனா நான் வல்லம் போயிடுவேன்" என்று அலமேலு அக்கா சொல்லிவிட்டதாக அம்மா அப்பாவிடம் சொன்னாள்.

எனக்கோ வேறு கவலை. அந்தக் கதாநாயகனின் கைகள் என் அப்பாவின் கைகளைவிடத் தடிமனாக இல்லை. இழுப்பு நோய்க்காரரான அப்பா, தண்ணீர்க் குடத்தையே இரண்டு இடத்தில் இறக்கி வைத்துத்தான் கொண்டுவருவார். அப்படிப்பட்ட கை எப்படி அவரைச் சுண்டிப் போட்டது? பள்ளிக்கூடத்தில், சாப்பாட்டில், பல் விளக்கும்போதுகூட இதே யோசனைதான்.

நான்கு நாள் கழித்து பயில்வான் அங்கியை மடித்து எடுத்துக்கொண்டு காலையில் வந்தார். "அண்ணா, இதைப் பிரிச்சி உன் பாப்பாவுக்குப் பாவாடை தச்சிக் குடுத்துடு. இனிமே எனக்கு இன்னாத்துக்கு? அவ ஒரே பேஜாரு பண்ணிக்கினு கீறா. நான் ஊருக்குப் போயி மல்லாட்டை போடறேன்" என்றார். அப்பா அங்கியை வாங்காமல் நின்றார். பெரியவர்கள் எல்லாரும் அந்தப் படத்தைப் பற்றி அவரிடம் பேசாமலிருப்பதே மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்த நேரம் அது. நான் கேட்டுவிட்டேன்.

"மாமா, அந்த ஒல்லி ஆளு உங்களை எப்படிப் போட்டான்?"

அம்மா என் வாயைப் பொத்த ஓடிவந்தாள். பயில்வான் என் பக்கம் குனிந்தார். பிறகு முகம் மலர்ந்தது. "படம் புடிக்கிற எடத்துல ஆறு நாளு அதையே பண்ணிக்கினு இருந்தேன் கண்ணு. ஒருத்தராச்சும் இதைக் கேக்கலியே! அண்ணா, நீ வெளிய வா."

அப்பா மூச்சு வாங்கும் என்றார், கை வலிக்கிறது என்றார், எதுவும் எடுபடவில்லை. தெருவின் புழுதி மெத்தென்று கிடந்த இடத்தில் அவரைக் கொண்டு நிறுத்திவிட்டு, பயில்வான் தன் மணிக்கட்டை நீட்டினார். "ஊசியில நூலை இஸ்ப்பியே, அப்படி இஸ்து வுடு. போதும்." அப்பா கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். அந்த மலை எழும்பியது. கால்கள் வானத்தைப் பார்த்தன. அடுத்த கணம் தொம்மென்ற ஓசையில் எதிர்வீட்டுக் கோழிகள் கூரைக்குப் பறந்தன. அப்பா கண்ணைத் திறந்து, "ஐயோ, நான் ஒண்ணும் பண்ணலப்பா!" என்று அலறினார். பயில்வான் புழுதியில் மல்லாந்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

தெரு கூடிவிட்டது. சபாபதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "தள்ளுங்க, நான் போடறேன்" என்று, எழுந்து நின்ற பயில்வானின் மணிக்கட்டைப் பற்றி இழுத்தான். பயில்வான் அசையவில்லை. இரண்டு கைகளாலும் இழுத்தான், காலை ஊன்றி இழுத்தான், கடைசியில் தானே வழுக்கி உட்கார்ந்தான். "நீ இஸ்தா நான் வரமாட்டேன் தம்பி. நானா வந்தாத்தான் உண்டு" என்றார் பயில்வான். "ஜெயிக்கிறதுக்கு பலம் இருந்தாப் போதும். இப்படி வுழ நான் மொதல்லேர்ந்து கத்துக்கினேன்."

அப்போதுதான் அலமேலு அக்கா கூட்டத்துக்குள் நிற்பதைக் கவனித்தோம். எப்போது வந்தார் என்று தெரியாது. நேரே வந்து கணவனின் கையைப் பிடித்தார். கோபத்தோடுதான் பிடித்தார் என்பது என் எண்ணம், ஏனென்றால் வளையல்கள் அப்படிச் சத்தம் போட்டன. ஒரு சுண்டு. நான் அதுவரை பார்த்த கரணங்களிலேயே அதுதான் உயரம். புழுதி அடங்கியதும் அக்கா குனிந்து அவர் தலையைத் தடவிப் பார்த்தார்.

"போ. போயி நல்லா வுழு. அடிபடாம வுழு" என்றார்.

அப்பா அங்கியைப் பிரிக்கவில்லை. நெகிழ்ந்த தையல்களை அன்று மத்தியானமே இறுக்கிக் கொடுத்தார்.

பயில்வான் சென்னைக்குப் போய், யுத்தகாலம் முழுவதும் படங்களில் விழுந்தார். குதிரையிலிருந்து, மாடியிலிருந்து, கோட்டை மதிலிலிருந்து. பின்னாளில் எனக்குக் கல்யாணமாகி, கணவரோடு வல்லம் வழியாகப் போகும்போது அவர் வீட்டில் இறங்கினோம். முழங்கால் மடங்காமல் கட்டிலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். எனக்குக் கேள்வி இன்னும் மிச்சமிருந்தது. வலித்ததா என்று கேட்டேன்.

"ஒவ்வொரு தபாவும் வலிச்சுதும்மா" என்றார் குரலைத் தாழ்த்தி. "அவகிட்ட மட்டும் இல்லேன்னு சொல்லிக்கினு கீறேன்."

உள்ளிருந்து அலமேலு அக்கா சொன்னார்: "கேக்குது. அப்பவே தெரியும்."

இன்று இருவருமில்லை. குஸ்தி மைதானத்தில் வீடுகள் வந்துவிட்டன. திண்டிவனத்துத் தகரக் கொட்டகை நெல் கிடங்காகி, அதுவும் இடிந்துபோயிற்று. அந்தப் படத்தின் பிரதி எங்காவது இருக்குமா என்று தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தேன். பிரதி கிடைக்கவில்லை; அதில் எடுத்த கதாநாயகனின் புகைப்படம் ஒன்று மட்டும் கிடைத்தது. அவன் ஒரு கையை முன்னால் நீட்டி நிற்கிறான். அந்தக் கை சுண்டிவிட்ட ஆள், படத்தின் ஓரத்துக்கு அப்பால் எங்கேயோ காற்றில் இருக்கிறார்.