இரண்டு பேருக்கு ஒரு பாதி

முந்தின நாள் கல்யாணத்தின் மல்லிகைச் சரம் அந்த மைக் கம்பியில் இன்னும் சுற்றியிருந்தது. ஒரகடம் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். ஞாயிற்றுக்கிழமை காலை கம்பெனி ஆட்களை உட்காரவைத்து, வீட்டுத் திட்டம் ஒன்றைப் பற்றி அதிகாரிகள் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மைக் கை மாறி என்னிடம் வந்தது. நான் பேசியது அரை நிமிஷம்கூட இருக்காது. நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும்.

அக்கா என்று நான் சொல்வது கூடப்பிறந்தவளை அல்ல. அவள் வாலாஜாபாத் பக்கத்துக்காரி, நான் தென்காசிப் பக்கம். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் இருவருக்கும் வெவ்வேறு கம்பெனி; வாடகை கட்டுப்படியாகாததால் ஒரே அறை. எப்படித்தான் அமைந்ததோ, அவள் ஷிப்டு முடியும்போது எனக்குத் தொடங்கும்; எனக்கு முடியும்போது அவளுக்குத் தொடங்கும். அவள் ஷிப்டு மாறும் வாரம் எனக்கும் மாறும். நான் கதவைத் திறக்கும்போது அவள் பஸ் ஏறியிருப்பாள். பாயில் அவள் படுத்த சூடு இருக்கும். சட்டியைத் திறந்தால் எனக்கென்று எடுத்துவைத்த சோறு இருக்கும். எனக்குப் புளிப்பு ஆகாது என்று குழம்பை அதில் ஊற்றாமல் தனியே வைத்திருப்பாள். முகத்தைப் பார்ப்பது ஞாயிறு மட்டும்தான். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. அவளோடு வாழ்ந்த அளவு நெருக்கமாக வேறு யாரோடும் நான் வாழ்ந்ததில்லை.

அக்காவுக்கு வீட்டுப் பைத்தியம். தம்பிகள் குடும்ப நிலத்தை விற்றபோது வீடு கட்ட இவள் பங்கு கேட்டதற்கு, கல்யாணம் ஆகாதவளுக்கு எதற்குத் தனி வீடு என்று கேட்டார்களாம். அதிலிருந்து அடுக்குமாடி விளம்பரப் பலகை எதைப் பார்த்தாலும் பஸ் ஜன்னலில் கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்ப்பாள். அதனால் அந்தக் கூட்டத்துக்கு என்னை இழுக்காத குறையாகக் கூட்டிப் போனாள்.

திட்டம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் பாதி நமக்கு, பாதி அரசுக்கு. நம் பாதிக்குத் தவணை, அரசின் பாதிக்கு வாடகை. சம்பளம் ஏற ஏற அந்த மீதியையும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளலாம். தொழிலாளிக்கு இது கட்டுப்படியாகுமா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. பெரிய பெரிய அட்டவணைகளைத் திரையில் காட்டினார்கள். அதில் இருந்த குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் இருந்தார்கள்.

அக்கா எழுந்தாள். "சார், அந்தப் பாதியும் தனியா ஒருத்தியால கட்ட முடியாது. நாங்க ரெண்டு பேரு கீறோம். சேர்ந்து வாங்கிக்கினா மாசா மாசம் கட்டிடுவோம். ஒரு ரூமு போதும். இவ வேலைக்குப் போவசொல்ல நான் தூங்குவேன், நான் போவசொல்ல இவ தூங்குவா."

மண்டபமே சிரித்தது. கேள்வி கேட்ட அதிகாரி சிரிக்கவில்லை. நல்ல மனிதர். பேனாவை எடுத்துக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் என்ன உறவு?" என்றார். அக்கா என்னைப் பார்த்துவிட்டு மைக்கை என்னிடம் தந்தாள். பதிலை நான் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறாள். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

பின்வரிசையில் என் ஊர்ப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தியோடு சேர்ந்து வீடு வாங்கப் போகிறேன் என்று செய்தி போனால் என்ன ஆகும் என்று பயந்தேன். பயம் மட்டும் இல்லை. என் வாழ்க்கை இந்த லாரிப் புழுதியில்தான் என்று நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. "உறவெல்லாம் ஒண்ணும் இல்ல சார். சும்மா ஒரே ரூம்ல இருக்கோம். நான் அடுத்த வருஷம் ஊருக்குப் போயிருவேன்" என்றேன்.

"அப்ப நடுவுல ஒருத்தர் விட்டுட்டுப் போனா இன்னொருத்தர் என்ன பண்ணுவாங்க?" என்று அவர் சபையைப் பார்த்துக் கேட்டார். அவர் எழுதிக்கொண்டார். சில மாதம் கழித்து எங்கள் சங்கத்துத் தோழர் ஒருவர் கூட்ட அறிக்கையைக் கொண்டுவந்தார். உறவில்லாதவர்கள் சேர்ந்து வாங்க அனுமதிக்கலாகாது என்று அதில் இருந்தது. அதற்குச் சொன்ன காரணம் நான் பேசிய பேச்சு.

அன்று மண்டபத்தில் கொடுத்த சாம்பார் சாதத்தை இருவரும் சாப்பிட்டோம். பஸ் நிறுத்தத்தில் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஊருக்குப் போறன்னு எங்கைல சொல்லவே இல்லியே நீ." கோபித்துக் கத்தியிருந்தால் தேவலை. அதன் பிறகும் சட்டியில் எனக்குச் சோறு இருந்துகொண்டுதான் இருந்தது. ஒருநாள் வந்து பார்த்தபோது அவள் பெட்டி இல்லை. "வேற எங்கியோ வேலை கெடச்சி அந்தப் பொண்ணு போயிடுச்சே, உங்கிட்ட சொல்லலியா?" என்றார் வீட்டுக்கார அம்மா. போன் செய்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

மாப்பிள்ளைப் பேச்சு நின்றுபோனது. ஊருக்குப் போகிறேன் என்ற நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன். லைன் லீடர் ஆகிவிட்டேன். தனியாக அறை எடுத்துக்கொள்ளும் அளவுக்குச் சம்பளம் வருகிறது. ஷிப்டு முடிந்து கதவைத் திறந்தால், காலையில் நான் வைத்த இடத்திலேயே எல்லாம் இருக்கும். அதைவிடப் பெரிய தண்டனை எனக்கு யாரும் தந்துவிட முடியாது.

இந்த வருஷம் மறுபடி அதே பேச்சு கிளம்பியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கூட்டம். பழைய விதியைத் தளர்த்தலாமா என்று கேட்டார்கள். கை தூக்கி எழுந்தேன். அக்கா சொன்னதைக் கிட்டத்தட்ட அவள் வார்த்தைகளிலேயே சொன்னேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. விருப்பமுள்ளவர்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்றார்கள். முதல் வரிசை மேசையில் ஒரு பெண் எழுதிக்கொண்டிருந்தாள்.

என் பெயரைச் சொன்னேன். "கூட யாரும்மா?" அக்காவின் பெயரைச் சொன்னேன். "உறவு?"

"அக்கா."

எழுதிவிட்டு என் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அவங்க வரலியா?"

"ஷிப்டுல இருக்காங்க" என்றேன்.