ஒரே அண்டா, இருநூற்று எண்பத்தேழு விற்பனை

அஜ்மல் பீவியின் வலது கையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கோச்சடையில் அந்தக் கையைத் தெரியாதவர்கள் கிடையாது. காலையில் அவர் வந்து போணி பண்ணினால், அதாவது அன்றைய முதல் வியாபாரமாகக் காசு கொடுத்து ஒரு பொருளை வாங்கினால், பொழுது சாயும்வரை அந்தக் கடையில் கூட்டம் விலகாது. மீன்காரி ஒச்சம்மாள் ஒருநாள் அவர் கையால் போணியாகி, கால் மணி நேரத்தில் மீனை விற்று, கூடையையும் விற்று, தலையில் வைத்திருந்த சும்மாட்டுக்கும் ஒருவர் விலை கேட்டதாகச் சொல்வார்கள். சும்மாடு கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். கூடை வரைக்கும் உண்மை.

அந்தக் கைக்கு அடுத்த வீட்டில்தான் ஹம்சவேணி குடியிருந்தாள். சௌராஷ்டிரக் குடும்பம், கணவர் உமேஷ் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டிலும் துணியைத் தவிர வேறு பேச்சில்லை. இவளுக்கு மட்டும் பாத்திரத்தில் பித்து. தன் கல்யாணத்தன்று கூறைப்புடவையை யாரோ பிரித்துக் காட்டிக்கொண்டிருக்க, இவள் சீர்ப்பாத்திரங்களைச் சுண்டி ஓசை பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையையும் சுண்டிப் பார்த்தாளா என்று உமேஷைத்தான் கேட்க வேண்டும்.

2005இல் பெங்களூரிலிருந்த நாத்தனார் சுந்தரவல்லி ஒரு பணியாரக்கல் கேட்டாள். பாத்திரக்கடைகள் நிறைந்த புது மண்டபத்தில் வாங்கி அனுப்பினாள் ஹம்சவேணி. அங்கே கல்லைப் பார்த்த அக்கம்பக்கத்தார் ஏழு பேர் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். நாத்தனார் சும்மா இருக்கவில்லை. இணையத்தில் பொருள்களை விற்கிற தளம் ஒன்று இருப்பதைச் சொல்லி, தொலைபேசியிலேயே வழிமுறையும் சொல்லிக் கொடுத்தாள். மெயின் ரோட்டு நெட் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய். பணியாரக்கல், முறுக்குக் குழல், புட்டுக்குடம், ஒரு பெரிய பித்தளை அண்டா எல்லாவற்றையும் படம் பிடித்துப் போட்டுவிட்டு ஹம்சவேணி காத்திருந்தாள். பத்து நாளாகியும் ஒரு ஈ எட்டிப் பார்க்கவில்லை.

பதினோராம் நாள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"பீவிம்மா, ஒரு ஒத்தாச. நம்ம கடைக்குப் போணி பண்ணணும்."

"கடையா? எங்கடி வச்சிருக்க? சொல்லவே இல்ல?"

"கம்ப்யூட்டருக்குள்ள."

"யா அல்லா! அதுக்குள்ள நான் எப்படி வாரது?"

"நீங்க வர வேணாம். விரல் வந்தாப் போதும்."

விரல் வந்தது. அஜ்மல் பீவியின் பெயரில் ஒரு கணக்கு திறந்து, எதை வாங்குகிறீர்கள் என்று ஹம்சவேணி கேட்டாள். அவர் யோசிக்கவே இல்லை. "அண்டாவ. கரண்டியப் போணி பண்ணுனா கரண்டி அளவுதான் வரும்." ஆயிரத்து நானூறு ரூபாய் அண்டாவின்மேல் மவுசை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். பிஸ்மி சொல்லி ஹம்சவேணியின் உள்ளங்கையில் ஒரு ரூபாய் நாணயத்தையும் வைத்தார். அண்டா மட்டும் ஹம்சவேணி வீட்டுப் பரணிலேயே இருந்தது. போணிக்காக வாங்கியதை யாராவது தூக்கிக்கொண்டு போவார்களா?

அன்று மாலையே பூனாவிலிருந்து இரண்டு முறுக்குக் குழலுக்கு ஆர்டர் வந்துவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? ஞாயிறும் பண்டிகையும் போக நாள் தவறாமல் இருவரும் நெட் சென்டருக்குப் போனார்கள். நாள் தவறாமல் அதே அண்டா விற்றது. பணத்தை விற்கிறவரும் வாங்குகிறவரும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்வதுதான் வழக்கம், தளக்காரர்கள் அப்போது விற்பனையில் கமிஷனும் எடுப்பதில்லை, அதனால் நெட் சென்டர் காசைத் தவிரச் செலவும் இல்லை. வாங்கியவர் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை எழுத வேண்டும் என்று மட்டும் திரை கேட்கும். அஜ்மல் பீவி சொல்லச் சொல்ல ஹம்சவேணி ஆங்கிலத்தில் தட்டுவாள். முதல் நாள், "நல்ல அண்டா." ஒரு வாரத்தில், "ரொம்ப ரொம்ப நல்ல அண்டா." ரம்ஜான் நெருங்கியபோது, "இப்படி ஒரு அண்டாவை என் ஆயுசில் கண்டதில்லை." ஒருநாள் தளக்காரர்களே ஹம்சவேணியின் பெயருக்குப் பக்கத்தில் தங்க நட்சத்திரம் ஒன்றைப் பதித்து, 'நம்பிக்கையான விற்பனையாளர்' என்று போட்டார்கள். அதற்குப் பிறகு மாதம் பதினைந்து இருபது ஆர்டருக்குக் குறையவில்லை.

2007 ஆகஸ்டில் வருமான வரி அலுவலகத்திலிருந்து பழுப்பு உறை வந்தது. முந்தைய நிதியாண்டில் இணையத்தின் வழியே தாங்கள் ஐந்து லட்சத்து ஐம்பத்தேழாயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு விற்பனை செய்திருப்பதாகத் தெரிகிறது, கணக்குத் தாக்கல் செய்யாதது ஏன், முப்பது நாளில் விளக்கம் தரவும்.

ஹம்சவேணி அந்தக் கடிதத்தை நான்கு முறை படித்தாள். ஐந்தாம் முறை படித்தால் தொகை குறையுமோ என்று பார்த்தாள். குறையவில்லை.

உமேஷின் ஒன்றுவிட்ட அண்ணன் ஹரிராம் தெற்குமாசி வீதியில் வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பவர். கடிதத்தையும் கையோடு கொண்டுபோன நோட்டையும் வாங்கிப் பார்த்தார்.

"ஏம்மா, இம்புட்டு வித்திருக்க, காதுல இன்னும் அதே பழைய தோடுதானா?"

"அண்ணே, கேலி பேசுற நேரமா?"

நோட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அந்த ஆண்டு இருநூற்றுப் பன்னிரண்டு பொருள்கள், ஒரு லட்சத்து ஐம்பத்தாறாயிரம் விற்பனை, லாபம் முப்பத்தெட்டாயிரம். பெண்களுக்கு அப்போது ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் வருமானம் வரை வரியே கிடையாது.

"நீ பயப்பட ஒண்ணுமே இல்லையே. மிச்சம் நாலு லட்சம் யாரோடது?"

"அது போணிண்ணே."

தளத்திலிருந்து அச்சடித்துக் கொண்டுவந்த அந்த ஓர் ஆண்டின் பட்டியலை ஹரிராம் புரட்டினார். அண்டா. அண்டா. அண்டா. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்போதும் அண்டாதான். இருநூற்று எண்பத்தேழு.

"யாரும்மா இந்த அஜ்மல் பீவி? அண்டாவக் கடிச்சுத் திங்கிறாங்களா?"

விஷயத்தைக் கேட்டுச் சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு கணக்குப் போட்டார். அண்டாக்களை வாங்கியதற்கு ரசீது இல்லாததால் நாலு லட்சமும் லாபமாகவே நிற்கும். வரி எழுபதாயிரத்துக்குக் குறையாது. இரண்டு வருட உழைப்பு போய்விடும். கடையும் அதோடு சரி.

"ஒரு வழி இருக்கு" என்று குரலைத் தாழ்த்தினார். "தெரிஞ்ச பாத்திரக்கடையில எரநூத்தி எம்பத்தேழு அண்டாவுக்கு ஒரு பில்லு வாங்கிருவோம். ஒண்ணு ஆயிரத்து முன்னூத்தித் தொண்ணூறு. அண்டாவுக்குப் பத்து ரூபா லாபம். வரியும் கிடையாது, ஒன் நட்சத்திரமும் அப்படியே இருக்கும்."

"நட்சத்திரத்துக்கு என்ன வந்துச்சு?"

"போணின்னு உண்மையச் சொன்னா, அத ரத்து பண்ணுனதாத் தளத்துக்காரன் எழுதித் தரணும்ல? ரத்து பண்ணுனா அந்தம்மா எழுதுன பாராட்டும் போச்சு, நட்சத்திரமும் போச்சு. ஏமாத்துக்காரின்னுகூட நெனப்பான்."

"நான் யாரை ஏமாத்துனேன்?"

"நீ ஏமாத்தணும்னு நெனைக்கல. ஆனா பூனாக்காரன் எதைப் பார்த்து உங்கிட்ட வாங்குறான்? இந்தப் பாராட்டப் பார்த்துத்தானம்மா?"

ஹம்சவேணிக்குச் சுருக்கென்றது. எழுதியதை ஊரார் படிப்பார்கள் என்று இதுவரை அவளுக்குத் தோன்றியதே இல்லை. சாமிக்கு ஏற்றிய சூடம் போல அது அந்த நேரத்தோடு அணைந்துவிட்டது என்றே நினைத்திருந்தாள்.

பில்லை வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்போடுதான் பஸ் ஏறினாள். ஆரப்பாளையம் தாண்டும்போது வேறொன்று தோன்றியது. இருநூற்று எண்பத்தேழு அண்டா விற்றது உண்மை என்று எழுதிக் கொடுத்தால், அவற்றை வாங்கியவருக்கு நாலு லட்சம் எங்கிருந்து வந்தது? அடுத்த பழுப்பு உறை அஜ்மல் பீவி வீட்டுக்குத்தான் வரும். மாடிப் போர்ஷன் வாடகை எண்ணூறு ரூபாயில் குடித்தனம் நடத்துகிறவர் அவர்.

வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே அடுத்த வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அஜ்மல் பீவி வரியைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப, வியாபாரம் ஆனது ஏங் கையால இல்லையாடி? நம்ம எழுதுன பொய்யாலயா?"

ஹம்சவேணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முத ஆர்டர் அன்னிக்கே வந்துச்சுல்ல பீவிம்மா. அப்ப ஒத்தப் பாராட்டுத்தான இருந்துச்சு. அது கைதான்."

"சரி, ஒண்ணாச்சும் எனக்கு விட்டு வச்சியே" என்றார் அஜ்மல் பீவி. "அந்த அண்டாவ எறக்கு. அதையும் கூட்டிக்கிட்டே போவோம். அது ஒண்ணுக்குத்தான் நெசம் முழுசாத் தெரியும்."

அண்டாவுக்கு ஆட்டோவில் தனி இடம் தேவைப்பட்டது. அலுவலகப் படியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். விசாரணை அதிகாரி முத்திருளன் கணக்கு நோட்டைப் புரட்டிவிட்டு, போணி என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருந்த விளக்கக் கடிதத்தைப் படித்தார், அண்டாவைப் பார்த்தார், மறுபடி கடிதத்தைப் படித்தார்.

"நீங்கதான் அஜ்மல் பீவியா? அந்த வருசம் எத்தன அண்டா வாங்கினீங்க?"

"ஒரு அண்டாதான் சார். எரநூத்தி எம்பத்தேழு தடவ."

"காசு?"

"தடவைக்கு ஒரு ரூபா. வெறுங்கையோட போணி பண்ணுவாங்களா?"

முத்திருளன் பேனாவை எடுத்தார். "அப்ப எரநூத்தி எம்பத்தேழு ரூபா வரவு. அத நோட்டுல ஏத்தலையேம்மா?"

ஹம்சவேணி மேசைமேல் இருந்த நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். "ஏத்தீர்றேன் சார்."

"ஏத்துங்க. தளத்துலருந்து ரத்து பண்ணுன கடுதாசி வந்ததும் கொண்டாங்க, ஃபைல மூடிருவோம்." அண்டாவை ஒருமுறை சுண்டிப் பார்த்தார். "கனமான சரக்குத்தான். கீழ போறப்ப படியில இடிச்சிராதீங்க."

மூன்று வாரத்தில் தளக்காரர்களின் கடிதம் வந்தது. போணி விற்பனை அத்தனையும் ரத்து, இனி இப்படிச் செய்தால் கடையே இருக்காது என்ற எச்சரிக்கை, நட்சத்திரமும் இல்லை. கோப்பு மூடப்பட்டது. வரி ஒரு பைசா இல்லை. அந்த மாதம் ஆர்டரும் இல்லை.

நெட் சென்டரில் இருவரும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள். அண்டாவின் புகழெல்லாம் போனபின் பக்கம் அடித்துப் பெருக்கிய முற்றம் போல இருந்தது. வாங்கியவர்கள் எழுதியவை மட்டுமே மிஞ்சியிருந்தன. ஹம்சவேணி அவற்றை ஒவ்வொன்றாக வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். சூரத்தில் ஒருவர் முறுக்குக் குழலுக்கு நன்றி சொல்லியிருந்தார். புட்டுக்குடத்தின் மூடி இறுக்கமாக இருக்கிறது என்று ஒருவர். நாக்பூரிலிருந்து ஓர் அம்மாள் பதினான்கு மாதத்துக்கு முன் எழுதியிருந்தார்: "ஒன்பது குழி என்று போட்டிருந்தீர்கள். ஏழு குழிக் கல் வந்திருக்கிறது. இரண்டு முறை எழுதிவிட்டேன். பதில் இல்லை."

"என்னடி இது?"

"நம்ம அண்டாவுக்கு அடியில கெடந்திருக்கு பீவிம்மா. நான் பார்க்கவே இல்ல."

"பதினாலு மாசமா அந்தப் புள்ள ரெண்டு குழி கொறைச்சலா சுட்டுக்கிட்டிருக்கு. ஏந்திரி."

வெயில் தணியக்கூட அவர்கள் காத்திருக்கவில்லை. புது மண்டபத்தில் கடைக்காரரை ஒன்பது குழியையும் விரல் வைத்து எண்ணிக் காட்டச் சொல்லி ஒரு கல்லை வாங்கினார்கள். வைக்கோல் சுற்றிச் சாக்கில் வைத்துத் தைக்கும்போது, ஒரு துண்டுச் சீட்டில் ஹம்சவேணி மன்னிப்புக் கேட்டு எழுதினாள். அஜ்மல் பீவி ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, "ஏழு குழிக் கல்லத் திருப்பி அனுப்ப வேணாம், அவுகளே வச்சுக்கிறட்டும்னு அதையும் எழுது" என்றார்.